பல்லிமுகப் படவியல்: கொங்கு நாட்டை முன்வைத்து ஒரு முதனிலை ஆய்வு

பல்லி விழும் பலனுக்குப் பஞ்சாங்கத்தில் தனிப் பக்கமே உண்டு. தலையில் விழுந்தால் இது, இடத்தோளில் விழுந்தால் அது, பாதத்தில் விழுந்தால் இன்னொன்று என்று மனித உடம்பைச் சர்வே எண் போட்டுப் பிரித்துப் பலன் சொன்ன பெரியோர், கேமரா லென்ஸ் மீது விழுந்தால் என்ன பலன் என்பதை மட்டும் எழுதாமல் போய்விட்டார்கள். ஆய்வுலகம் இத்தகைய ஓட்டைக்கு 'ஆய்வு இடைவெளி' என்று பெயர் வைத்திருக்கிறது. அதை அடைக்கவே இக்கட்டுரை.

இஃது என் நுதலிற்றோ எனின், வீட்டில் வளர்வன, வீட்டில் தாமாக வந்து குடியேறியவை, வேலியில் வெயில் காய்வன ஆகிய உயிர்களைக் கிட்டத்தில் போய்ப் படமெடுக்கத் தொடங்குவது எப்படி என்பது நுதலிற்று. ஆய்வின் எல்லை நொய்யலும் பவானியும் அமராவதியும் பாயும் கொங்கு நாடு. யானையும் சிறுத்தையும் ஆய்வுக்கு அப்பாற்பட்டவை. அவற்றை எடுக்கப் பலர் இருக்கிறார்கள். வரவேற்பறைப் பல்லிக்குத்தான் நாதியில்லை.

முன்னோர் செய்தவற்றைச் சொல்லாமல் ஆய்வு தொடங்கினால் நெறியாளர் கையெழுத்துப் போடமாட்டார். கோவைக்கு இத்துறையில் இரண்டு முன்னோர் உண்டு. ஒருவர் ஜி.டி. நாயுடு (1893–1974). மோட்டார், ரேஸர், மண்ணெண்ணெய் மின்விசிறி என்று நீளும் அவருடைய ஆக்கங்களின் பட்டியலில், ஃபிலிம் கேமராவில் தூரத்தைச் சரிசெய்யும் கருவியும் இருக்கிறது. பொருளுக்கும் லென்ஸுக்கும் இடையிலுள்ள தூரம்தான் கிட்டப் படத்தின் தலைவலி முழுவதும் என்பதால், அவரை மூலவர் எனக் கொள்ளத் தடையில்லை. இன்னொருவர் கோவை ராமநாதபுரத்துக்காரரான சாண்டோ சின்னப்பா தேவர். 'ஹாத்தி மேரே சாத்தி'யில் (1971) யானை, 'வெள்ளிக்கிழமை விரதம்' படத்தில் (1974) பாம்பு, 'ஆட்டுக்கார அலமேலு'வில் (1977) ஆடு என்று கதாநாயகர்களுக்குச் சமமாக விலங்குகளுக்கும் கால்ஷீட் ஒதுக்கியவர். நடிகர் எப்போது தயாரோ அப்போதுதான் ஷாட் என்பது பல்லிக்கும் பொருந்தும்.

இனிப் பூர்வபட்சம். "மேக்ரோ லென்ஸ் வாங்காமல் இதில் இறங்கவே முடியாது" என்பது எதிர்த்தரப்பு. பல்லாயிரம் ரூபாய் சேரும்வரை ஆசையைத் தள்ளிப்போட இது வசதியான வாதம். ஆனால், 35 மி.மீ. கேமராவுக்கான முதல் மேக்ரோ லென்ஸ் எனக் கருதப்படும் கில்ஃபிட் நிறுவனத்தின் 'மாக்ரோ கிலார்' வந்ததே 1955இல்தான். பூச்சியையும் பூவையும் பெரிதாகப் படமெடுத்தவர்கள் அதற்கு முன்பும் இருந்தார்கள். லென்ஸைச் சென்சாரிலிருந்து தள்ளி வைத்தால் உருவம் பெரிதாகும், கணக்கு அவ்வளவே. 50 மி.மீ. லென்ஸுக்குப் பின்னால் 25 மி.மீ. நீளமுள்ள எக்ஸ்டென்ஷன் டியூப் மாட்டினால் உருப்பெருக்கம் பாதியளவு கூடும். 50 மி.மீ. டியூப் மாட்டினால் ஒன்றுக்கு ஒன்று: சென்சாரில் விழும் பல்லித்தலையும் சுவரில் இருக்கும் பல்லித்தலையும் ஒரே அளவு. அதே லென்ஸைத் திருப்பிப்போட்டு மாட்ட ரிவர்ஸ் ரிங் கிடைக்கிறது. அது இன்னும் மலிவு. பம்புசெட்டுக்கு உதிரிபாகம் கடைந்து தரும் லேத் பட்டறைகள் கணபதியிலும் பீளமேட்டிலும் இருக்கும்போது, ஒரு வெற்று வளையத்துக்குக் கோவைக்காரர் ஏன் கலங்க வேண்டும்? காட்டுயிர்ப் படக்கலைஞர் மா. கிருஷ்ணன் (1912–1996) பல கேமராக்களின் பாகங்களைக் கோத்துத் தமக்கென ஒரு கருவி செய்துகொண்டு, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்திருந்தார்.

செல்போனிலும் முடியும். 2021இல் வந்த ஐபோன் 13 ப்ரோ போல 2 செ.மீ. வரை நெருங்கி எடுக்கும் போன்கள் உள்ளன. நெருங்கலாம் என்கிறது போன். கூடாது என்கிறது பல்லி. அத்தனை அருகில் போனால் போனின் நிழலே படத்தை மூடிவிடும்.

ஆய்வின் கரு பல்லியே. தொடங்குவோருக்கு இதைவிடப் பொருத்தமான மாடல் இல்லை. இரவு விளக்கு போட்டதும் பூச்சி வரும். பூச்சி வந்ததும் பல்லி வரும். வந்த இடத்தில் பல நிமிடம் அசையாது. அசைவதெல்லாம் எடுப்பவரின் கைதான். இமை மூடாத கண் அதற்கு. கண்மேல் ஒளி ஊடுருவும் மூடி ஒன்று நிரந்தரமாக இருப்பதால், தூசு படிந்தால் நாக்கை நீட்டிக் கண்ணையே துடைத்துக்கொள்ளும். அந்தக் கணம் சிக்கினால் அது முதல் தரமான படம்.

சிக்குவதுதான் கடினம். ஒன்றுக்கு ஒன்று அளவில், எஃப்/8 வைத்தாலும் தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். மூக்குத் துவாரம் துலங்கினால் கண் மங்கும். ஃபோகஸ் கண்ணில் இருக்கட்டும், மீதி எப்படிப் போனாலும் போகட்டும் என்பதே சித்தாந்தம். அந்த உருப்பெருக்கத்தில் வெளிச்சமும் வழக்கத்தில் கால் பங்குதான் சென்சாருக்கு வந்து சேரும். பழைய சோக் வைத்த டியூப்லைட் நொடிக்கு 100 முறை மினுக்குவதால், ஷட்டரை வேகமாக வைத்தால் படத்தில் இருட்டுப் பட்டை விழும். 1/50 அல்லது 1/100 நொடி வைத்துக் கையைச் சுவரில் ஊன்றிக்கொள்ளலாம். இல்லையேல் ஃபிளாஷுக்கு முன்னால் வெள்ளைத் துணியோ தெர்மோகோலோ வைத்து ஒளியை மென்மையாக்கலாம்.

பல்லியின் பாதத்தை எடுக்க விரும்புவோர் ஜன்னல் கண்ணாடியை நாட வேண்டும். பல்லி வெளிப்பக்கம் ஒட்டியிருக்கையில் உள்பக்கம் நின்று எடுத்தால் விரலடியின் வரிவரியான மடிப்புகள் தெரியும். அம்மடிப்புகளில் உள்ள நுண்மயிர்கள் வான் டர் வால்ஸ் விசையால் ஒட்டுகின்றன என்பதை, டோக்கே என்னும் பெரிய பல்லியை வைத்து கெல்லர் ஆட்டம் குழுவினர் 2002இல் நிறுவினார்கள். கோவைப் பல்லி அதற்கு முன்பும் விழாமல்தான் இருந்தது.

களப்பணியில் ஒரு சிக்கலைப் பதிவு செய்தாக வேண்டும். வீட்டுக்கார அம்மா சமையலறை வாசலில் நின்று, "ஏனுங்க, எடுக்கறதுக்கு வேற ஒண்ணுமே கெடைக்கலீங்களா?" என்பார். அந்நேரம் பார்த்துப் பல்லியும் 'ச்சிக் ச்சிக்' என்று ஆமோதிக்கும்.

அடுத்தது ஒடக்கான், அதாவது ஓணான். காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காட்டு (மேய்ச்சல் நிலத்து) கிளுவை வேலியில் காலை வெயிலுக்கு ஏறி நிற்கும். உடம்பு சூடேறும்வரை மந்தமாக இருக்கும் என்பதால் விடிகாலையே நல்ல நேரம். இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் தொண்டை சிவந்து, தலை மேலும் கீழும் ஆடும். ஈர்க்கில் சுருக்குப் போட்டுப் பிடித்த பையன்களையும் கல்லெறிந்த பையன்களையும் தலைமுறை தலைமுறையாகப் பார்த்த உயிர் அது. நம்மை நம்ப அதற்கு ஒரு காரணமும் இல்லை. நேராக நடக்காமல், பக்கவாட்டில், குனிந்து, நிழல் அதன்மேல் விழாமல் போக வேண்டும்.

நாய்க்கு இவ்வளவு தந்திரம் வேண்டாம். அது தானே வந்து லென்ஸை நக்கும். போனை மூக்கருகே நீட்டினால் மூக்கு பூசணியாகவும் காது சுண்டைக்காயாகவும் வரும். இரண்டடி பின்வாங்கி ஜூம் செய்வது நல்லது. சிப்பிப்பாறை போன்ற நீள்முக நாய்க்கு ஃபோகஸ் மூக்கில் மாட்டிக்கொள்ளும். கறுப்பு நாயைக் கேமரா சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். எக்ஸ்போஷரைக் குறைத்தால் கறுப்பு மீளும். இருட்டில் நேரடி ஃபிளாஷ் அடித்தால் கண் பச்சையாக எரியும். பூனையைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அதற்கு விருப்பமிருந்தால் படம்.

பாம்பு இக்கட்டுரையின் பாடத்திட்டத்தில் இல்லை. தொலைவில் நின்று டெலி லென்ஸில் எடுக்கலாம். கிட்டப் படத்துக்கு அதை அழைக்கக் கூடாது.

கடைசியாகச் சட்டம். ராசி என்று சொல்லி நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருப்பது, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அது முதல் அட்டவணையில் இருக்கிறது. உடும்பும் அப்படியே. அவற்றைப் படமெடுத்து ஊருக்குக் காட்டுபவர் தம் வழக்குக்குத் தாமே சாட்சி தயாரிக்கிறார். இக்குவானா, பால் பைத்தான் போன்ற அயல்நாட்டு ஊர்வனவற்றை வளர்ப்போர், 2024ஆம் ஆண்டு விதிகளின்படி பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். வீட்டுப் பல்லிக்கு எந்தப் படிவமும் நிரப்ப வேண்டியதில்லை.