காசிக்குப் போற மருமோனுக்கு

வாரும் மருமோன், இரும். அந்தக் கதிரை வேண்டாம், அதுக்கும் என்னைப் போல ஒரு கால் ஆட்டம். வாங்கில இரும். பிள்ளை, வாத்தியாருக்கு ஒரு பிளேன்ரீ கொண்டு வா, சீனியைக் குறைச்சுப் போடு. காசிக்குப் போற ஆள் கண்டீரோ, உடம்பைப் பாக்கவேணும்.

நோட்டீசு கொண்டந்தனீரோ? இஞ்சால தாரும். கண்ணாடி இல்லாமலே வாசிக்கலாம் போல, எழுத்தெல்லாம் பூசினிக்காய் அளவு. டெல்லி, பிருந்தாவனம், ஆக்ரா, ஜெய்ப்பூர், அயோத்தி, காசி, கயா, புத்தகயா, மதுரை, ராமேஸ்வரம். பத்து ஊர், பன்ரெண்டு நாள். வாழ்நாள் முழுக்கக் கணக்குப் படிப்பிச்ச மனிசன், நீரே வகுத்துப் பாரும். டெல்லியில இருந்து ஆக்ரா இருநூறு கிலோமீற்றருக்கு மேல. ஆக்ராவில இருந்து ஜெய்ப்பூரும் அவ்வளவு. காசியில இருந்து கயாவும் அப்பிடித்தான். இஞ்ச இருந்து கொழும்புக்குப் போட்டு வந்தாலே ரெண்டு நாள் நாரிப்பிடிப்பெண்டு படுக்கிறனீர். ஊர் பாக்கப் போறீரோ, பஸ் சீற்றைப் பாக்கப் போறீரோ?

முறிகண்டியில வாகனம் நிக்கிற மாதிரி தெரியும்தானே. இறங்கி, பிள்ளையாருக்கு ஒரு தேங்காயை உடைச்சு, திருநீறு பூசி, கச்சான் சரை ஒண்டு வாங்க முன்னம் ட்றைவர் கோர்ன் அடிப்பான். உம்மட வழிகாட்டித் தம்பியும் அப்பிடித்தான் அடிப்பார். தாஜ்மகாலுக்கு ஒரு கச்சான் சரை நேரம். ஷாஜகான்ர பெண்சாதி செத்தது 1631 இல. அடுத்த வருசம் தொடங்கின வேலை, முழுக்க முடிய இருபது வருசம் போனது. நீர் அதை இருபது நிமிசத்தில முடிச்சு, முன்னால நிண்டு கோபுரத்தின்ர உச்சியைக் கிள்ளிப் பிடிக்கிற மாதிரி ஒரு படமும் எடுத்துக் கனடாவுக்கு அனுப்பிப்போடுவீர். ஒண்டு மட்டும் சொல்லுறன், ஆக்ராவுக்குப் போற நாளை விசாரிச்சு வையும். வெள்ளி நல்ல நாள் எண்டு நாங்கள் கோயிலுக்கு ஓடுற ஆக்கள். வெள்ளிக்கிழமையில தாஜ்மகால் பூட்டு. உள்ள இருக்கிற பள்ளிவாசலில தொழுகைக்குப் போறவைக்கு மட்டும்தான் வழி.

ஜெய்ப்பூரைப் பற்றிச் சொல்ல எனக்குப் பெருசா ஒண்டுமில்லை. 1876 இல இங்கிலாந்து இளவரசர் வாறாரெண்டு ஊர் முழுக்க ரோசா நிறம் அடிச்சவையாம். இஞ்ச மந்திரி வாறாரெண்டால் பள்ளிக்கூட மதிலுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறேல்லையே, அதுதான். எங்கட சுண்ணாம்பு மந்திரியின்ர வாகனத்துக்குப் பின்னாலயே உரிஞ்சு போம். அவை விடாமல் அடிச்சுக்கொண்டு இருக்கினம், சனம் காசு குடுத்துப் பாக்குது.

பிருந்தாவனத்தில கவனம். கண்ணாடியைக் கழட்டிச் சட்டைப்பைக்குள்ள வையும். குரங்கைப் பற்றி வன்னியானுக்குச் சொல்லித் தரவேணுமோ எண்டு நினைப்பீர். எங்கட குரங்கு பட்டிக்காட்டுக் குரங்கு, மருமோன். தென்னையில ஏறும், குரும்பட்டியைப் பிடுங்கி எறியும், கல்லெறிஞ்சா ஓடும். அவ்வளவுதான் அதுக்குத் தெரிஞ்ச வித்தை. அந்தக் குரங்குகள் வியாபாரம் படிச்சதுகள். மூக்கில இருக்கிற கண்ணாடியைப் பறிச்சுக்கொண்டு மதிலில ஏறி இருக்கும். கீழ நிண்டு ஒரு ஜூஸ் பக்கெற் எறிஞ்சால்தான் கண்ணாடியைக் கீழ போடும். 2025 மார்ச் 15 ஆம் திகதி அரசாங்கம் அஞ்சு நிமிசத்துக்குள்ள குரங்கு, மயில், மரஅணில் எல்லாத்தையும் எண்ணித் தரச்சொன்னதே, ஞாபகம் இருக்கோ? நானும் கடதாசியும் பென்சிலுமா முத்தத்தில நிண்டனான். அண்டைக்கெண்டு ஒண்டும் வரேல்லை. அடுத்தநாள் விடிய வந்து எண்ணாமல் விட்ட தேங்காயையும் சேத்துப் பிடுங்கிக்கொண்டு போனதுகள்.

குரங்கிட்டத் தப்பினாலும் கடையிட்டத் தப்பமாட்டீர். ஆக்ராவில சலவைக்கல், ஜெய்ப்பூரில கல்லு மோதிரம், காசியில பனாரஸ் பட்டு. “சும்மா நெசவைப் பாப்பம்” எண்டுதான் கூட்டிக்கொண்டு போவினம். தேத்தண்ணி தருவினம். அந்தத் தேத்தண்ணிதான் உலகத்திலயே விலை கூடின தேத்தண்ணி. கோயிலில கோர்ன் அடிச்ச தம்பி கடையில மட்டும் ஆறுதலா வெத்திலை போட்டுக்கொண்டு நிப்பார். என்னத்துக்கெண்டு கணக்கு வாத்தியாருக்கு விளங்கும்.

சரி, அதுகளை விடும். போற வழி எப்பிடி? பலாலியில ஏறிச் சென்னை, சென்னையில இருந்து டெல்லி. நல்லது, சொகுசு. கடலால போறதெண்டாலும் காங்கேசன்துறையில இருந்து நாகபட்டினத்துக்கு 2023 இல இருந்து கப்பல் விடுகினம். ஆனா உமக்குக் கப்பல் சரிவராது எண்டு எனக்குத் தெரியும். 1973 ஞாபகம் இருக்கோ? உமக்கு ஒன்பது வயசு. தலைமன்னாரில இராமானுஜம் கப்பல் ஏறினம், நான், எங்கட அம்மா, கொம்மா, நீர். முந்தித் தனுஷ்கோடிக்கு ஓடினது, 64 ஆம் ஆண்டுப் புயலில தனுஷ்கோடி அழிஞ்சாப் பிறகு ராமேஸ்வரத்துக்கு ஓடினது. பாதிக் கடலிலயே என்ர புது வேட்டியில சத்தி எடுத்துப்போட்டீர். அந்த வேட்டியோடதான் நான் ராமேஸ்வரத்தில இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடினனான். வாளி வாளியா ஊத்தினாங்கள், உம்மட மணம் போகேல்லை.

யாழ்ப்பாணத்து அரசர் தங்கட காசில “சேது” எண்டு பொறிச்சு வைச்ச ஆக்கள். அந்தச் சேது தலைமன்னாரில இருந்து முப்பது கிலோமீற்றர் வராது. இப்ப அதுக்குப் பலாலி, சென்னை, டெல்லி எல்லாம் சுத்தித்தான் போகவேணும். உது உம்மட பிழை இல்லை. ஆனா உம்மட நோட்டீசு தலைகீழ், அதைச் சொல்லத்தான் வேணும். முதல்ல ராமேஸ்வரம். அங்க மண் எடுத்துக்கொண்டு போய்ப் பிரயாகையில கரைச்சு, காசி கும்பிட்டு, கங்கைத் தண்ணியைக் கொண்டந்து ராமநாதருக்கு வார்க்கவேணும். உதுதான் முறை. அண்டைக்குக் கொம்மா கடற்கரையில ஒரு பிடி மண் எடுத்து, நெஸ்டமோல்ற் ரின்னுக்குள்ள போட்டு மூடினவ. எப்பவோ ஒருநாள் காசிக்குப் போவனெண்டு. கப்பல் நிண்டுபோச்சு. ரின் மட்டும் அவவோட இடம்பெயர்ந்துகொண்டு திரிஞ்சது. 95, 99, பேந்து 2008. சட்டி பானையை விட்டவ, அதை விடேல்லை. மாத்தளனில ரின்னும் போச்சு, அவவும் போனா.

தேத்தண்ணியைக் குடியும், ஆறப்போகுது.

காசியில பாஷை தெரியாதெண்டு பயப்படாதேயும். எங்கட ஆக்கள் முந்தியே போய்ப் பாய் விரிச்சிட்டினம். குமரகுருபரர் கேதார் கட்டத்தில மடம் வைச்சது பதினேழாம் நூற்றாண்டில. நாட்டுக்கோட்டைச் செட்டிமாற்ற சத்திரம் இருநூறு வருசத்துக்கு மேலயா நடக்குது, அங்க இருந்து விசுவநாதருக்கு நாளாந்தம் பூசைச் சாமான் போகும். பாரதியார் பெடியனா இருக்கேக்க அத்தை வீட்டில நாலு வருசம் இருந்தவர். மீசையும் தலைப்பாகையும் அங்கதான் தொத்தினதெண்டு சொல்லுவினம். நீர் அங்க நாலு வேளை நிக்கப்போறீர், உமக்கு என்ன தொத்துமோ தெரியாது. தடிமன் தொத்தாமல் வந்தாச் சரி.

இப்ப இருக்கிற விசுவநாதர் கோயிலை 1780 இல கட்டினது அகில்யாபாய் எண்ட மராட்டிய ராணி. சின்ன வயசிலயே புருசனை இழந்த மனுசி. கயாவில விஷ்ணுபாதம் கோயிலைத் திருப்பிக் கட்டினதும் அவதான். பேந்து ரஞ்சித்சிங் பொன் குடுத்துக் கூரை வேய்ஞ்சார். 2021 இல சுத்தவர வீடுகளை எடுத்து ஆத்தங்கரை மட்டும் பெரிய வீதி திறந்திருக்கினம், அதால இப்ப ஒழுங்கைக்குள்ள மாட்டோட இடிபடாமல் போகலாமாம். எனக்கெண்டால் மாட்டோட இடிபட்டுப் போறதுதான் விருப்பம், அது வேற கதை. நான் சொல்லுறது இதுதான்: ஒரு நாளைக்கு அந்தத் தம்பிக்கு டிமிக்கி குடும். வயித்துக்குத்து எண்டு சொல்லும், உமக்குப் புதுசே. விடியக் கருக்கலோட போய் ஒரு படித்துறையில குந்தி இரும். மணிகர்ணிகையில மட்டும் போனைத் தூக்காதேயும். எரியிறதைப் படம் எடுத்தா அங்கத்தையான் சனம் பேசும். பிணம் எரியிறதை வெள்ளைக்காரர் பாத்துத் தத்துவம் பேசட்டும். நாங்கள் எரிக்கவும் வழியில்லாமல் விட்டிட்டு ஓடி வந்த சனம், எங்களுக்கு அது படமில்லை.

இன்னொண்டு கேக்கவேணும் எண்டு இருந்தனான். போன வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக்கு ஏன் வரேல்லை? சைக்கிள் ஓடுற தூரம். சனநெரிசல் எண்டீர். விசுவநாதர் வாசலில உமக்கு மட்டும் பாய் விரிச்சு வைச்சிருப்பினமோ? கடல்தண்ணி அள்ளிக்கொண்டு வந்து, காட்டா விநாயகர் கோயிலில விளக்கெரிச்சு, பேந்து அம்மன் வாசலுக்குக் கொண்டு போறதைப் பாக்க எங்கயோ எல்லாம் இருந்து சனம் வருகுது. கண்ணகை மதுரையை எரிச்சுப்போட்டு நடந்து வந்து, பத்தாவதாத் தங்கின இடம் இதெண்டுதான் பழஞ்சனம் சொல்லும். அவ மதுரை வேண்டாமெண்டு இஞ்ச வந்திட்டா. நீர் அவவை விட்டிட்டு மதுரை பாக்கப் போறீர்.

புத்தகயாவில உமக்கு ஊர் ஞாபகம் வரும். வெள்ளை உடுத்த சிங்களச் சனம் பஸ் பஸ்ஸா நிக்கும். அவை அதைத் “தம்பதிவ” யாத்திரை எண்டுவினம். சமையல்காரனையும் கூட்டிக்கொண்டு போற ஆக்கள். கையில இடிசம்பல் போத்தல் கண்டீரெண்டால் போய் ஆயுபோவன் சொல்லும். மூண்டு நாள் பருப்பும் ரொட்டியும் திண்ட நாக்குக்கு அரசியல் தெரியாது.

இனிக் கயா. மற்றதெல்லாம் பகிடி, இதுக்குத்தான் நீர் போறீரெண்டு எனக்குத் தெரியும். கொம்மாவுக்கு எள்ளும் தண்ணியும் இறைக்க. நல்ல காரியம். பல்குனி ஆறு மணலுக்குக் கீழதான் ஓடும், சீதையின்ர சாபமாம். மணலைத் தோண்டினால் தண்ணி ஊறும், எங்கட பூவல் மாதிரி. 2022 இல ரப்பர் அணை ஒண்டு கட்டித் தண்ணியை மறிச்சு விட்டிருக்கினம், கனகராயன் ஆத்தை இரணைமடுவில மறிச்ச மாதிரி எண்டு வையுமன். பிண்டத்தை விஷ்ணுபாதத்தில வையும். பண்டா எண்டு ஒரு கூட்டம் சுத்தி வரும். தொகையை முன்னமே பேசி முடியும், தர்ப்பையைக் கையில போட்டாப் பிறகு பேசினால் நீர் தோத்தீர்.

அங்க ஒரு முறை இருக்கு. ஒரு காய், ஒரு பழம், விருப்பமானதா விட்டிட்டு வரவேணும். பேந்து சாகுமட்டும் தொடக்கூடாது. எங்கட ஊரில முந்திப் போட்டு வந்த ஒருத்தர் ஆப்பிளை விட்டவர். முல்லைத்தீவில அப்ப ஆப்பிளைக் கண்டவன் ஆர்? இன்னொருத்தர் முருங்கைக்காயை விட்டிட்டு வந்தார். அடுத்த கிழமை அவற்ற வீட்டில குழம்பு மணக்குது. என்னண்ணை எண்டு கேட்டன். “இது காயில்லை, பிஞ்சு” எண்டார்.

நீர் பாவக்காயை விடப்போறீர். எனக்குத் தெரியும், கலியாணம் முடிச்ச நாளில இருந்து அதைக் கோப்பைக் கரையில ஒதுக்கிற ஆள். சரி, காய் உம்மட விருப்பம். பழத்தில மட்டும் பேக்காட்டாதேயும். கொம்மாவுக்கு முன்னால நிக்கப்போறீர். அவவின்ர சீதனக் காணியை அளந்து வேலி அடைக்கேக்க கயிறு பிடிச்சது நான், மற்றத் தலைப்பில நிண்டது அவ. மீள்குடியேற்றத்தில வந்து பாக்க வேலியுமில்லை, எல்லையுமில்லை. முதல்ல வந்த நீர் முதல்ல கதியால் நட்டீர். என்ர கறுத்தக்கொழும்பான் உம்மட பக்கம் போய்ச்சு. மரம் நடக்கேல்லை, வேலிதான் நடந்தது. நான் அண்டையில இருந்து இண்டுவரை ஒரு சொல்லுச் சொன்னனானோ? ஒவ்வொரு ஆனியிலயும் ரெண்டு பழம் கடகத்துக்குள்ள வைச்சுத் தந்து விடுவீர். நானும் நல்ல இனிப்பெண்டு சொல்லுவன்.

அதால பண்டா “எந்தப் பழம்?” எண்டு கேக்கேக்க யோசியாதேயும். மாம்பழம் எண்டு சொல்லும். அவவுக்கும் கேக்கிற மாதிரிச் சத்தமாச் சொல்லும்.

மாம்பழம் தொடாத ஆளுக்குப் பேந்து மாமரம் என்னத்துக்கு? நீர் வெளிக்கிடுறது புரட்டாதிக் கடைசி, திரும்பி வர ஐப்பசி. முதல் மழைக்குக் கதியால் நல்லாப் பிடிக்கும். நீர் ஒண்டுக்கும் யோசியாமல் போட்டு வாரும் மருமோன், வேலியை நான் பாத்துக்கொள்ளுறன்.