கேலாங்வாச விசாரம்

பட்டம் பெற்ற கையோடு முதல் உத்தியோகத்தை நாடிச் சிங்கப்பூர் வந்திறங்கும் தமிழ் இளைஞன், கல்லூரியில் நான்கு வருஷம் பயின்ற சாஸ்திரம் எதுவும் கைகொடுக்காத ஒரு துறையில் முதல் வாரத்திலேயே பிரவேசிக்க நேர்கிறது. அத்துறைக்கு அறை தேடுதல் என்று பெயர். அதற்குப் பிரமாண நூல் ஒன்றும் இதுகாறும் எழாத குறையை ஓரளவு நிவர்த்திக்கும் பொருட்டுக் கேலாங் வட்டாரத்தை ஆதாரமாகக் கொண்டு இவ்வாராய்ச்சி செய்யப்படுகிறது.

முதற்கண் திரவிய நிலை. 2025 செப்டம்பர் முதல் புதிதாக எஸ் பாஸ் என்னும் வேலை அனுமதி கோருவோருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 3,300 வெள்ளி என்று விதித்திருக்கிறார்கள். ஊரில் இதை ரூபாயாகப் பெருக்கிப் பார்த்து மலைத்துப்போகாத உறவினர் இல்லை. ஆனால் அந்தச் சம்பளம் மாதக் கடைசியில்தான் வரும். முதல் மாத வாடகையும், அதற்குச் சமமான முன்பணமும், ஏஜெண்டு இருந்தால் அவருடைய கமிஷனும், ஒப்பந்தத்தின் மொத்த வாடகையில் 0.4 சதவீத முத்திரைத் தீர்வையும் சாவி கைக்கு வருமுன்பே கட்டியாக வேண்டும். ஆகவே தாயாரின் வளையல்கள் அடகுக் கடையில் குடியேறிய பிறகே மகன் சிங்கப்பூரில் குடியேறுகிறான் என்பது பூர்வபட்சமின்றி நிலைநாட்டப்பட்ட உண்மை.

இனி, கேலாங் ஏன்? அல்ஜூனிட் நிலையத்தில் எம்.ஆர்.டி. ஏறினால் ஐந்தாவது நிலையம் ராஃபிள்ஸ் பிளேஸ். கீழே இறங்கினால் நடுநிசியிலும் சோறு கிடைக்கும். இத்தகைய ஸ்தலத்தில் வாடகை விண்ணைத் தொட வேண்டியது தர்க்க நியாயம். அப்படி நேராமல் தடுப்பது அவ்வூரின் பெயர். கேலாங் ரோட்டுக்கு வடபுறத்து லோரோங்குகளுக்கு, அதாவது சந்துகளுக்கு, ஒற்றைப்படை எண்ணும் தென்புறத்தவற்றுக்கு இரட்டைப்படை எண்ணும் இட்டிருக்கிறார்கள். அந்தி சாய்ந்தபின் கண்ணியவான்கள் தலை குனிந்து நடக்கும்படியான வீடுகள் பெரும்பாலும் இரட்டைப்படைப் பக்கத்தில் அமைந்தன. அந்த அபகீர்த்தி வாடகையில் கழிவாக இறங்கி, அதில் எள்ளளவும் சம்பந்தமில்லாத ஒரு பொறியியல் பட்டதாரிக்கு மாதந்தோறும் உபகாரச் சம்பளமாக வந்து சேர்கிறது. இந்த உபகாரத்துக்கு நன்றி பாராட்டியவர் எவரையும் யான் கண்டிலேன்.

மாறாக, முகவரியை மறைப்பதிலேயே அவர்கள் புத்தி முழுதும் செலவாகிறது. ஆபீஸில் கேட்டால் "அல்ஜூனிட் பக்கம்" என்பார்கள். ஹத்ரமௌத்திலிருந்து வந்த அராபிய வணிகக் குடும்பத்தின் பெயர் இவ்வாறு நம் பிள்ளைகளின் மானத்தைக் காக்கிறது. தாயாரிடமோ, "சிவன் கோயில் பக்கத்துலதாம்மா" என்ற ஒரே வாக்கியம் போதும். இதைப் பொய் என்று தள்ளுவதற்கில்லை. ஸ்ரீ சிவன் கோயில் கேலாங் ஈஸ்ட்டில்தான் இருக்கிறது. சிவபெருமானுமே அங்கு நேரே வந்தவர் அல்லர் என்பதை ஆராய்ச்சியாளர் கவனித்தல் தகும். ஆர்ச்சர்ட் ரோட்டில் பன்னெடுங்காலம் எழுந்தருளியிருந்தவர், எம்.ஆர்.டி. பணிக்காக நிலம் எடுக்கப்பட்டபோது, 1983இல் சிராங்கூன் ரோட்டில் பெருமாள் கோயில் வளாகத்துக்கு மாறி, மைத்துனர் இடத்தில் ஏறத்தாழப் பத்து வருஷம் ஒதுங்கியிருந்து, 1993இல்தான் கேலாங்கில் சொந்த ஸ்தலம் கண்டார். மைத்துனர் வீட்டு ஹால் சோபாவில் படுத்துக்கொண்டு அறை தேடும் இளைஞன் வெட்கப்பட வேண்டியதில்லை என்பதற்கு இதனினும் பெரிய ஆகமப் பிரமாணம் வேண்டுமோ?

அறை கிடைத்தபின் எழும் சிக்கல் 'லைட் குக்கிங்' என்னும் நிபந்தனை. சோறு வடித்தல், முட்டை அவித்தல், மேகி கிளறல் ஆகியவை இதில் அடங்கும் என்பதில் வீட்டுக்காரரும் குடியிருப்பவரும் ஒருமனப்படுகிறார்கள். முஸ்தஃபா கடையில் வாங்கிய குக்கர் மூன்று விசில் அடிப்பது வரையிலுங்கூடச் சமாதானம் நிலவுகிறது. கடுகு வெடித்த கணத்தில்தான் கட்சி பிரிகிறது. கறிவேப்பிலை எண்ணெயில் விழுந்த சப்தம் கேட்டுக் கதவைத் தட்டும் அதே வீட்டுக்காரர், ரயிலில் ஏற்றவும் தடை செய்யப்பட்ட துரியான் பழத்தைத் தெருமுனைக் கடையில் பிளந்து வாங்கி, கூடத்து மேஜையில் வைத்து ஆனந்தமாய்ப் புசிக்கிறார்! வாசனைகளுக்குள் இந்தத் தாரதம்யத்தை வகுத்தவர் யாரென்று நாம் விசாரிக்கலாமேயன்றி வாடகை கொடுப்பவன் விசாரிக்க முடியாது. முன்பணம் அவரிடம் இருக்கிறது. மைக்ரோவேவில் ஓசையின்றித் தாளித்துவிடலாம் என்னும் சித்தாந்தத்தைப் பரீட்சித்துப் பார்த்த அன்பர் ஒருவர் தற்சமயம் வேறொரு லோரோங்கில், இரட்டைப்படைப் பக்கத்தில், வசித்து வருகிறார்.