எங்கள் சைக்கிளுக்கும் ஓர் ஆர்.சி. புத்தகம் தாருங்கள்

அனுப்புநர்: பழைய ரோடு பைக் வாங்குவோர், விற்போர் சார்பில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் மிதிப்பவன் ஒருவன்.

பெறுநர்: வட்டாரப் போக்குவரத்து அலுவலர் அவர்கள், தமிழ்நாட்டின் எந்த வட்டாரமானாலும் சரி.

பொருள்: பழைய ரோடு பைக்குகளைத் தங்கள் ஆளுகைக்குள் சேர்த்துக்கொள்ளக் கோருதல் - தொடர்பாக.

பார்வை: எதுவும் இல்லை. அதனால்தான் இந்த மனு.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

30,000 ரூபாய்க்குப் பழைய ஸ்கூட்டர் வாங்குகிறவர் கொடுத்துவைத்தவர். அவருக்குப் படிவம் 29 உண்டு, படிவம் 30 உண்டு. வேறு வட்டாரத்து வண்டியென்றால் படிவம் 28, கடன் தீர்ந்த வண்டியென்றால் படிவம் 35. இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, பென்சில் தேய்த்து எடுத்த சேஸிஸ் எண் எல்லாம் உண்டு. எதுவும் புரியாவிட்டாலும் கவலையில்லை. அலுவலக வாசல் மரத்தடியில் ஓர் அண்ணன் இருப்பார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்திலெல்லாம் பெருக்கல் குறி போட்டு நீட்டுவார்.

அதே 30,000 ரூபாய்க்குப் பழைய ரோடு பைக் வாங்குகிறவனுக்குக் கிடைப்பது ஒரே ஒரு வாக்கியம்: “நம்பி எடுங்க ப்ரோ.”

எங்களை ஏன் இப்படித் தள்ளிவைத்தீர்கள்? எஞ்சின் இல்லை என்பீர்கள். சரி. ஆனால் மின்சார சைக்கிளுக்குப் பதிவு வேண்டாம் என்பதற்கே 250 வாட், மணிக்கு 25 கிலோமீட்டர் என்று எல்லை வைத்திருக்கிறீர்கள். ஞாயிறு விடியற்காலையில் மாமல்லபுரம் சாலைக்கு வந்து பாருங்கள். இறுக்கமான உடுப்பில் கூட்டமாகப் போகிறவர்கள் 30 கிலோமீட்டரைச் சாதாரணமாகத் தாண்டுவார்கள். அவர்கள் தொடைகளை எஞ்சினாக அறிவித்து ஓர் அரசாணை வந்தால் போதும், நாங்களும் உங்கள் பிள்ளைகள்தான்.

அப்படி எங்களை ஏற்றுக்கொண்டால் முதலில் தகுதிச் சான்று வேண்டும். ரோடு பைக்கில் ஓடிய தூரம் காட்டும் மீட்டர் கிடையாது. ஆகவே எல்லா வண்டியும் “1,000 கிலோமீட்டர்கூட ஓடலை”தான். 2020 ஊரடங்கில் ஆசைப்பட்டு வாங்கியது, பால்கனியிலேயே நின்றது, டாக்டர் ஓட்டியது, ஒரே ஓனர். டாக்டர்கள் இத்தனை பேர் சைக்கிளை விற்றுவிட்டு எதில் போகிறார்கள் என்பதைத் தங்கள் துறைதான் விசாரிக்க வேண்டும்.

வாயைப் போலச் செயின் பொய் சொல்லாது. அதற்கென்று ஓர் அளவுகோல் விற்கிறது. செயினில் செருகினால் எத்தனை சதவீதம் நீண்டிருக்கிறது என்று காட்டிவிடும். 0.75-ஐத் தாண்டிவிட்டால் பின்சக்கரத்துக் கேசட்டின் பற்களும் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். செயினோடு கேசட்டுக்கும் காசு எடுத்துவைக்க வேண்டியதுதான். பால்கனியில் நின்ற வண்டிக்குச் செயின் தேய்ந்தது எப்படி? பால்கனியே ஓடியிருக்க வேண்டும்.

தங்கள் பிரேக் இன்ஸ்பெக்டர் இன்னும் சிலவற்றைப் பார்க்கலாம். சக்கரத்தைச் சுற்றிவிட்டால் கோட்டம் தெரியும்; அது சைக்கிள் கடையில் எடுத்துவிடக்கூடிய சங்கதி. முன்னால் ஹாண்டில்பார் தண்டு நுழையும் குழாயை ஒட்டி, கீழ்க் குழாயின் அடியில் பெயின்ட் சுருங்கியோ வெடித்தோ இருந்தால் வண்டி எங்கோ நேராகப் போய் மோதியிருக்கலாம். அது சக்கரக் கோட்டம் போலச் சுலபமாக எடுத்துவிடக்கூடியதில்லை. அலுமினிய ஃபிரேமோடு, முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க் மட்டும் கார்பனாக உள்ள வண்டியில் அந்த ஃபோர்க்கில் விரிசல் இருந்தால் முன்பற்களுக்கு உத்தரவாதமில்லை. கடலோரத்து வண்டியில் போல்ட்டுகளைப் பார்க்க வேண்டும், உப்புக்காற்று ரசீது போட்டிருக்கும்.

அளவுக்கும் ஒரு சான்று தேவை. சட்டை போல ஃபிரேமுக்கும் எஸ், எம், எல் உண்டு. ஐந்தரை அடி ஆளுக்கு ஆறடிக்காரர் வண்டியைத் தள்ளிவிடுகிறவர், “சீட்டை இறக்கினா சரியாப் போயிடும்” என்பார். சீட் இறங்கும், ஹாண்டில்பார் கிட்டே வராது. ஒரு மாதத்தில் முதுகும் கழுத்தும் பிடித்துக்கொள்ள, வாங்கியவரும் விற்பனைக்கு வருவார். “டாக்டர் ஓட்டியது” என்று அவர் எழுதினால் அதில் பாதி உண்மை, டாக்டரைப் பார்த்தாரே.

விற்போர் தரப்பையும் சொல்லாவிட்டால் மனு ஒருதலைப்பட்சமாகிவிடும். வாங்க வருகிறவர்கள் வண்டியைப் பார்க்காமலே “லாஸ்ட் பிரைஸ் என்ன ப்ரோ?” என்று தொடங்குகிறார்கள். ஆரம்பநிலை ரோடு பைக் பலவற்றில் ஷிமானோ கிளாரிஸ் இருக்கும்: முன்னால் 2 பல்சக்கரம், பின்னால் 8, ஆக 16 கியர். “எங்க பையன் சைக்கிள்லயே 21 இருக்கே” என்று விலையைப் பாதியாக்குகிறார்கள். பழைய பேட் வைத்த ஷார்ட்ஸை இலவசமாகக் கேட்கிறவர்களும் உண்டு. அதற்குத் தனியாகச் சுகாதாரத் துறைக்கு எழுதுகிறேன்.

விலைக்கும் ஒரு விதி வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. புது வண்டிக்கு வரி இறங்கினால் பழையதற்கும் விலை இறங்க வேண்டும். விற்கிறவரோ பழைய பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, “நான் 12 கட்டினேனே” என்கிறார். அரசாங்கத்துக்குக் கட்டியதை அடுத்தவனிடம் வசூலிக்கும் இந்தத் திறமைக்குத் தங்கள் வாசலில் மரத்தடி காத்திருக்கிறது.

அந்தப் பில்லாவது கையில் இருப்பது புண்ணியம். பலரிடம் “வீட்ல எங்கயோ இருக்கு” என்ற பதில்தான் இருக்கிறது. நான் எழுத வந்த விஷயம் இதுதான். செயின் தேய்ந்தால் மாற்றலாம், கோட்டம் எடுக்கலாம். திருட்டு வண்டியை வாங்கிவிட்டால் பணமும் போய், மானமும் போய், காவல் நிலையத்தில் பெஞ்சும் கிடைக்கும். பெடல் அச்சுக்கு நேர் கீழே ஃபிரேமின் அடிப்பக்கத்தில் பெரும்பாலும் ஓர் எண் பொறித்திருக்கும். அதைக் கொண்டு வண்டி யாருடையது என்று சொல்ல இங்கே ஒரு பதிவேடு இல்லை.

ஒரு காலத்தில் நம்மிடமும் ஏதோ இருந்தது. நகராட்சியும் பஞ்சாயத்தும் சைக்கிளுக்கு வரி வாங்கிக்கொண்டு வில்லை கொடுத்தன. விளக்கில்லாமல் வந்தாலும் டபுள்ஸ் வந்தாலும் போலீஸ்காரர் காற்றைப் பிடுங்கிவிடுவார். வரியும் போனது, வில்லையும் போனது. ஜப்பானில் இன்றும் சைக்கிள் வாங்கினால் திருட்டுத் தடுப்புப் பதிவு கட்டாயம். சிறு கட்டணம், ஃபிரேமில் ஓர் ஒட்டுவில்லை. கைமாறினால் புதிய சொந்தக்காரர் பெயரில் பதிய வேண்டும். காவலர் எண்ணைப் பார்த்தால் வண்டி யாருடையது என்று தெரிந்துவிடும்.

ஆகவே ஐயா, படிவம் 29 வேண்டாம். 30, 28, 35 எதுவும் வேண்டாம். புகைச் சான்று கண்டிப்பாக வேண்டாம். தொடை எஞ்சின் அரசாணையையும் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். ஓர் எண், ஒரு பெயர், கைமாறும்போது மாற்றி எழுத ஒரு வரி, அவ்வளவே எங்கள் கோரிக்கை. இது தங்கள் துறை இல்லையென்றால், வழக்கம்போல “உரிய நடவடிக்கைக்காக” என்று எழுதிக் காவல்துறைக்கு அனுப்பிவையுங்கள். அவர்கள் திருப்பி அனுப்பினாலும் மனு இரண்டு மேசையையாவது பார்த்திருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பதிவெண் இல்லாதவன்.

நகல்: பழைய ரோடு பைக் வாங்கப் போகும் அனைவருக்கும். பதிவேடு வரும்வரை பில்லைக் கேளுங்கள். பில்லில் எண் இருந்தால் வண்டியைக் கவிழ்த்து ஒத்துப்பாருங்கள். இல்லாவிட்டால் விற்கிறவர் பெயர், ஃபிரேம் எண், தொகை எல்லாவற்றையும் ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, அவருடைய அடையாளச் சான்றின் நகலை இணைத்து இருவரும் கையெழுத்திடுங்கள். கையெழுத்துப் போட மறுக்கிறவரின் வண்டியை, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.