வட்டத்துக்குள் நின்ற செருப்புகள்

பெருந்தொற்று சென்னைக்கு அறிமுகப்படுத்திய கருத்தாக்கங்களுள் தலையாயது சமூக இடைவெளி, அதாவது ஒருவரையொருவர் நெருங்காமல் சில அடி விலகி நிற்றல். மூவர் இருக்கையில் நால்வராக மின்சார ரயிலில் அமர்ந்து பழகிய நகரத்திடம் இதைக் கேட்டவர்களின் துணிவு பாராட்டத்தக்கதே. நியாயவிலைக் கடை வாசல்களில் வரையப்பட்ட வட்டங்களுக்குள் விதி வழுவாது காத்திருந்தவை செருப்புகளும் கட்டைப்பைகளும் செங்கற்களுமாக இருக்க, அவற்றின் உரிமையாளர்கள் பக்கத்து மரநிழலில் தோளோடு தோள் உரச நின்று, முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு, தொற்று எப்படிப் பரவுகிறது என்று விவாதித்துக்கொண்டிருந்தனர்.

கூட்டத்தைத் தவிர்க்கும் பொருட்டு 2020 ஏப்ரல் 26 முதல் நான்கு நாள்களுக்கு முழு ஊரடங்கை அரசு அறிவித்தபோது, அவ்வறிவிப்பே முந்தைய நாள் காய்கறிக் கடைகளில் பண்டிகைக் கூட்டத்தைத் திரட்டித் தந்தது. அடுத்த சில நாள்களில் கோயம்பேடு சந்தை தொற்றுக் கொத்தாக, அதாவது ஓரிடத்திலிருந்து பலருக்குப் பரவும் மையமாக, அடையாளம் காணப்பட்டு மே 5 அன்று மூடப்பட, வெங்காயமும் தக்காளியும் திருமழிசையின் தற்காலிகச் சந்தைக்குக் குடிபெயர்ந்தன. இ-பாஸ், அதாவது இணையவழிப் பயண அனுமதி, இன்றி மாவட்ட எல்லையைத் தாண்ட இயலாத மனிதர்களைவிட அவை கொடுத்துவைத்தவை.

ஊரடங்கில் பழைய மாமல்லபுரம் சாலையின் மென்பொருள் நிறுவனக் கண்ணாடிக் கட்டடங்கள் காலியானபோது, வீட்டிலிருந்தே பணி என்னும் ஏற்பாடு சாப்பாட்டு மேசையை அலுவலகமாகவும் குக்கர் விசிலைக் கூட்டங்களின் பின்னணி இசையாகவும் ஆக்கியது. நிறுவனம் கட்டிவந்த மின்கட்டணத்தை ஊழியர் தலையில் ஏற்றிவிட்டு, அதற்கு நன்றியும் பெற்றுக்கொண்ட சலுகை வரலாற்றில் வேறில்லை.