ஒண்ணாம் தேதிச் சம்பளம்

செவ்வாய்க்கிழமை காசு வெளியே போகக் கூடாது, வெள்ளிக்கிழமை கொடுத்தால் லட்சுமியும் கூடவே போய்விடுவாள், விளக்கு வைத்த பிறகு யாருக்கும் எதையும் எடுத்து நீட்டக் கூடாது என்று எங்கள் அம்மா வைத்திருந்த சட்டங்களையெல்லாம் தாண்டி, பாத்திரம் தேய்க்க வந்த ஆயாவின் கைக்குச் சம்பளம் போய்ச் சேர்வது அந்தக் காலத்தில் பஞ்சாங்கம் பார்த்துச் செய்கிற காரியமாக இருந்தது. ஒண்ணாம் தேதி வெள்ளியில் வந்தால் ஆயா கேட்கமாட்டாள். சனிக்கிழமை காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டு முடித்து, கை கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு கொல்லைப்புற நிலைப்படியருகே ஒரு நிமிஷம் கூடுதலாக நிற்பாள். அந்த ஒரு நிமிஷத்துக்கு என்ன அர்த்தம் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருத்தி நின்றிருப்பாள். அவள் நின்ற இடத்தைக்கூட இப்போது உங்களால் சரியாகக் காட்ட முடியும்.

நாங்கள் குடியிருக்கிற மன்னார்புரம் எழுபதுகளின் நடுவில் இப்படி இல்லை. மேம்பாலம் கிடையாது, இத்தனை அடுக்குமாடி கிடையாது. மதுரை ரோட்டில் போகிற லாரி சத்தம் ராத்திரியில் மட்டும் தூரத்தில் கேட்கும். அப்பா பொன்மலை ரயில்வே பட்டறையில் இருந்தார். சம்பளம் பட்டுவாடா ஆகிற அன்றைக்குப் பட்டறை வாசலில் கடன்காரர்களும் துணி வியாபாரிகளும் அல்வாக்காரரும் காத்திருப்பார்கள் என்று சொல்வார். அத்தனை பேரையும் கடந்து அவர் கொண்டுவந்த நோட்டுகள் முதலில் சாமி படத்துக்கு முன்னால் போகும், பிறகு அம்மாவின் கைக்கு. மளிகை, பால், வாடகை, சீட்டு என்று அம்மா பிரித்து அடுக்குகிறபோது ஆயாவின் பதினைந்து ரூபாய் எப்போதும் தனியாக, அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில், ஒரு டம்ளருக்கு அடியில் இருக்கும். டிராக்டர் படம் போட்ட அஞ்சு ரூபாய், ஆரியபட்டா போட்ட ரெண்டு ரூபாய், மீதிக்கு ஒரு ரூபாய் நோட்டுகள். பாங்கிலிருந்து வந்த புதுக் கட்டு என்றால் நோட்டின் ஓரத்தில் கம்பி குத்திய ரெண்டு ஓட்டை இருக்கும், அந்த ஓட்டை வழியாக நான் தெருவைப் பார்ப்பேன்.

"நீயே குடுடா, ரெண்டு கையால குடு" என்று அம்மா சொல்வாள். எட்டு வயதில் எனக்குக் கிடைத்த பெரிய உத்தியோகம் அதுதான். ஆயா வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "நல்லா இருக்கணும் தம்பி" என்று சொல்லிவிட்டு, ஒரு தடவை அவளாக எண்ணி, இன்னொரு தடவை என்னை எண்ணச் சொல்லி, இடுப்புச் சுருக்குப்பையில் வெற்றிலைக்கும் புகையிலைக்கும் அடியில் போட்டு இறுக்கிக் கட்டுவாள். கூட்டலும் கழித்தலும் எனக்குப் பள்ளிக்கூடத்தில் வந்ததைவிட அந்தக் கொல்லைப்புறத்தில் சீக்கிரம் வந்தது. அம்மாவும் ஆயாவும் மனம் விட்டுப் பேசுகிற நேரமும் அதுதான்: மகளுக்கு மாசம் எத்தனை, மருமகன் திரும்பி வந்தானா, அரிசி என்ன விலை விற்கிறது. சம்பளத்தைக் கூட்டிக் கேட்பதும் அந்த நேரத்தில்தான், அதுவும் நேராக இல்லை. "எதிர் வீட்டுல இருவது குடுக்குறாங்கம்மா" என்று எங்கேயோ பார்த்துச் சொல்வாள். அம்மா பதில் சொல்லமாட்டாள், ஆனால் பொங்கல் கழித்து டம்ளருக்கு அடியில் இருபது இருக்கும்.

அந்தப் பணம் அவள் நினைத்த இடத்துக்குப் போயிற்று. கொஞ்சம் செந்தண்ணீர்புரத்தில் அவள் தெருவில் கட்டிய சீட்டுக்கு. கொஞ்சம் ஞாயிற்றுக்கிழமை பொன்மலைச் சந்தையில் கருவாட்டுக்கும் பேத்தியின் ரிப்பனுக்கும். மீதியை எங்கள் வீட்டிலேயே விட்டுவைப்பாள், அம்மாவிடம். மகன் குடிக்கிறவன். அவன் கைக்கு எட்டாத ஒரே இடம் எங்கள் வீட்டுப் பருப்பு டப்பா. கணக்குப் புத்தகமோ கையெழுத்தோ கிடையாது, ஆனால் பேத்தி பெரியவளானபோது அந்த டப்பாவிலிருந்து எடுத்த பணத்தில்தான் தோடு வாங்கினார்கள்.

இதையெல்லாம் சொல்லும்போது மனசு இளகுகிறது என்பதற்காக மற்றதைச் சொல்லாமல் விட எனக்குச் சம்மதமில்லை. எங்கள் தெருவில் ஒவ்வொரு சமையலறையிலும் ஒரு தினசரிக் காலண்டர் தொங்கியது, அதில் பால் வராத நாளுக்குப் பக்கத்திலேயே ஆயா வராத நாளுக்கும் பென்சிலால் பெருக்கல் குறி விழுந்தது. காய்ச்சலில் படுத்த நாலு நாள் சம்பளத்தில் கழிந்தது. காலையில் கொடுத்த காப்பி, மிஞ்சிய சோறு, தீபாவளிப் புடவை எல்லாம் அன்பாகவும் இருந்தன, அதே சமயம் சம்பளத்தின் ஒரு பகுதியாகக் கணக்கிலும் இருந்தன. "சாப்பாடு வேற போடறோமே" என்ற பேச்சை நான் எத்தனையோ வீட்டு வாசலில் கேட்டிருக்கிறேன். ரொக்கமாகக் கைமாறிய காசுக்கு எங்கேயும் தடயம் இல்லாததால், ஆயாவுக்கு எத்தனை வருஷம் உழைத்தாள் என்று காட்டவும் ஒரு துண்டுச் சீட்டு இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் பல வீடுகளில் தேய்த்த கை, கடைசியில் வெறும் கையாக வீட்டுக்குப் போனது.

இப்போது எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வருகிற அம்மா காலையில் எடமலைப்பட்டி புதூரிலிருந்து மகளிர் கட்டணமில்லா பஸ்ஸில் வந்து இறங்குகிறார். மூன்று வீடு முடித்து மத்தியானத்துக்குள் திரும்புகிறார். சம்பளத்தைப் போடுவது பெங்களூரில் இருக்கிற என் மகள். ஒண்ணாம் தேதி அவள் ஆபீஸ் லிஃப்டில் ஏறும்போது அனுப்பிவிட்டு இறங்குவதற்குள் மறந்துவிடுகிறாள். செவ்வாய் வெள்ளி பார்ப்பதில்லை. விளக்கு வைத்த பிறகும், சில சமயம் நடு ராத்திரியிலும்கூட எங்கள் வீட்டு லட்சுமி கம்பியில்லாமல் கிளம்பிப் போகிறாள், எங்கள் அம்மா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று எண்ணிச் சிரித்துக்கொள்கிறேன். காலையில் அந்த அம்மா வந்ததும் என் மனைவியிடம், "அக்கா, பாப்பா போட்டுட்டாங்களான்னு கேட்டுச் சொல்லுங்க" என்பார். ஏன் கேட்க வேண்டும், போனில் மெசேஜ் வருமே? வரும், ஆனால் அந்த நம்பர் அவர் வீட்டுக்காரருடையது, போனும் அவர் சட்டைப் பையில்தான். மூன்று வீட்டில் குனிந்து நிமிர்ந்து சம்பாதித்த பணம் வந்துவிட்டதா என்பதை அவர் பெங்களூர் வழியாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

இதைக் கேட்ட அன்றைக்கு எனக்கு 2016 நவம்பர் 8-ஆம் தேதி ராத்திரி நினைவுக்கு வந்தது. ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று பிரதமர் டி.வி.யில் சொன்ன மறுநாளிலிருந்து எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் வேலை செய்கிற பெண்களுக்குத் திடீரென்று மரியாதை கூடியது. ரெண்டு மாசச் சம்பளம், மூணு மாசச் சம்பளம் முன்கூட்டியே கிடைத்தது, எல்லாம் பழைய நோட்டாக. வாங்கிக்கொண்டு பாங்க் வாசலில் வெயிலில் நின்றவர்கள் அவர்கள். அதைவிட வருத்தமானது வேறொன்று. அரிசிப் பானையிலும் சாமி படத்துக்குப் பின்னாலும் வருஷக்கணக்காகச் சேர்த்துவைத்திருந்த பணத்தை, டிசம்பர் 30-க்குள் பாங்கில் போட்டாக வேண்டும் என்பதால், அந்தப் பெண்கள் புருஷன் முன்னால் எடுத்துவைக்க வேண்டியிருந்தது. மகளின் கல்யாணத்துக்கு என்று இருந்தது வெளிச்சத்துக்கு வந்த வாரத்திலேயே மோட்டார் சைக்கிள் முன்பணமாகப் போன வீடு எனக்குத் தெரியும். கறுப்புப் பணம் என்று தேடியபோது அகப்பட்டவற்றில் இந்தச் சிறுவாட்டுக் காசும் உண்டு.

ஆனால் 2020 மார்ச் கடைசியில் கொரோனாவால் ஊர் அடங்கியபோது நிலைமை நேர்மாறாகத் திரும்பியது. பஸ் இல்லை, போலீஸ் தடுப்பு, அடுக்குமாடிக்காரர்கள் வெளியாள் வரக் கூடாது என்று போர்டு மாட்டினார்கள். ரொக்கமாகக் கொடுத்துப் பழகிய வீடுகளுக்கு, மனசு இருந்தாலும் கொடுக்க வழியில்லை. மனசில்லாதவர்களுக்கு அது வசதியாகவும் போயிற்று. பாங்க் கணக்கு நம்பர் இருந்தவர்களுக்கு வேலைக்கு வராத மாதங்களிலும் சம்பளம் போய்ச் சேர முடிந்தது. ஆயா காலத்தில் இப்படி ஒரு தொற்று வந்திருந்தால் அவள் பட்டினி கிடந்திருப்பாள், எங்கள் அம்மா எத்தனை நல்லவளாக இருந்தாலும்.

ரொக்கமா கணக்கா என்ற கேள்வியை உலகம் ஏற்கெனவே உட்கார்ந்து பேசியிருக்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011 ஜூன் 16 அன்று வீட்டுப் பணியாளர்களுக்காக நிறைவேற்றிய 189-ஆம் உடன்படிக்கையில் பன்னிரண்டாம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. சம்பளத்தை ரொக்கமாக, நேராகப் பணியாளரிடமே, மாதத்துக்கு ஒரு தடவையாவது கொடுக்க வேண்டும்; சட்டமோ கூட்டு ஒப்பந்தமோ வேறு வகை சொல்லாத இடத்தில், பாங்க், காசோலை, மணியார்டர் வழியாகக் கொடுப்பதானால் அவர் சம்மதத்தோடு கொடுக்கலாம் என்கிறது. எங்கோ ஜெனீவாவில் கூடிப் பேசியவர்களுக்குச் செந்தண்ணீர்புரத்து ஆயாவின் சுருக்குப்பை தெரிந்திருக்கிறதே என்று படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இந்தியா அந்த உடன்படிக்கைக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டது, ஆனால் இன்னும் ஏற்று உறுதி செய்யவில்லை.

தமிழ்நாடு கொஞ்சம் முன்னால் போயிருக்கிறது. 1982-ஆம் வருஷத்து உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் 2007-ல் வீட்டுப் பணியாளர்களுக்கென்று தனி நல வாரியம் வந்தது: பிள்ளைகள் படிப்புக்கு உதவி, திருமண உதவி, பிரசவ உதவி, அறுபது வயதுக்குப் பிறகு ஓய்வூதியம். 2018-ல் குறைந்தபட்சக் கூலியும் நிர்ணயித்தார்கள், மணிக்கு 37 ரூபாயிலிருந்து 39 ரூபாய் வரை. ஒரு வீட்டில் தினம் ஒன்றரை மணி நேரம் என்றால் முப்பது நாளைக்கு 1,665 ரூபாய் அன்றைய கணக்கில் வரும். அதற்குப் பிறகு விலைவாசி எங்கேயோ போய்விட்டது, ஆனாலும் அந்தத் தொகையைக்கூடத் தொடாத வீடுகள் இன்னும் இருக்கின்றன. வாரியத்தைக் கவனிக்கிற தொழிலாளர் துறை அலுவலகம் எங்கள் மன்னார்புரத்திலேயே, செங்குளம் காலனியில் இருக்கிறது. அதன் வாசலைக் கடந்து தினம் வேலைக்கு நடந்து போகிற பெண்களில் பலருக்கு அங்கே தங்கள் பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம் என்று தெரியாது. அவர்களை வேலைக்கு வைத்திருக்கிற நாமும் சொல்வதில்லை. ஜிபே எப்படிப் போடுவது என்று சொல்லிக்கொடுக்க நமக்கு நேரம் இருக்கிறது, இதற்கு இல்லை என்பது என்னை உறுத்துகிறது.

ரொக்கம் பழசு, செல்போன் புதுசு என்று கட்சி பிரிகிறவர்களோடு எனக்கு ஒட்டவில்லை. காசு யார் கையில் போய் நிற்கிறது என்பதுதான் என் கவலை. ஆயாவின் சுருக்குப்பையில் இருந்தது அவள் காசு. வீட்டுக்காரர் சட்டைப் பையில் ஒலிக்கிற செய்தி அந்த அம்மாவின் காசு இல்லை. எத்தனை வேகமாகப் போய்ச் சேர்ந்தாலும், தவறான கதவைத் தட்டினால் அது சம்பளம் ஆகாது. அதனால் ஒரு நாள் என் மனைவி அவரை உட்காரவைத்து, "உனக்கு எப்படிக் குடுத்தா சௌகரியம்மா?" என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் எந்த வீட்டிலும் யாரும் தன்னை இப்படிக் கேட்டதில்லை என்றார்.

கேட்டதும் அவர் யோசிக்கவே இல்லை, எல்லாவற்றையும் முன்னமே முடிவு செய்து வைத்திருந்தவர் மாதிரி அடுக்கினார். மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் விழுகிற கணக்கு அவர் பெயரில்தான் இருக்கிறது, ஆனால் அதிலிருந்து மகனுடைய செல்போன் தவணை தானாகவே பிடிபடுகிறது. சம்பளத்தை அங்கே போட்டால் அதிலும் கை வைத்துவிடும். தபால் ஆபீஸில் தனக்கு மட்டும் தெரிந்த ஒரு கணக்கு தொடங்க வேண்டும், குழுக் கடன் கட்டுகிற வாரங்களில் மட்டும் கையில் ரொக்கம் வேண்டும், தீபாவளிப் பணம் முழுக்க ரொக்கமாக, புடவையாக வேண்டாம். "புடவ நிறைய இருக்குக்கா" என்றார்.

கணக்கு தொடங்கியாயிற்று. வாரியப் பதிவுக்கு ஆதார், ரேஷன் கார்டு, போட்டோ எல்லாம் சேர்த்துவைத்திருக்கிறோம். மாதக் கடைசியில் இந்த மாதம் எவ்வளவு கையில், எவ்வளவு கணக்கில் என்று அவரே என் மனைவியிடம் சொல்லிவிடுகிறார், எங்கள் மகளுக்குத் தகவல் போகிறது. எவ்வளவு கொடுத்தோம் என்று ஒரு நோட்டில் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுகிறார்கள். போன மாதம் பேரனுக்குப் பள்ளிக்கூடக் கட்டணம் என்று முழுச் சம்பளத்தையும் ரொக்கமாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். போகிற போக்கில், பக்கத்து அடுக்குமாடியில் மணிக்கு எவ்வளவு கொடுக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட்டுப் போனார். இந்த மாதத்திலிருந்து கூட்டிக் கொடுக்கிறோம்.