காரணமில்லாத சட்டை

மகளுடைய கல்யாணத்தில் பந்திக்குப் பாயசம் இரண்டா மூன்றா என்ற வாதம் எழுந்தபோது, அடைப்பிரதமன், சிறுபயற்றுப் பிரதமன், பால்பாயசம் ஆகிய மூன்றில் எதையும் விட்டுக்கொடுப்பதற்கில்லை என்று தீர்ப்பளித்துவிட்டு, அதற்கு வேண்டிய தொகையைக் கடனாக எழுதி வாங்கிய அன்று இரவு நான் நிம்மதியாகவே தூங்கினேன். மகன் கேட்ட மோட்டார் சைக்கிளுக்குப் பணம் கட்டியபோதும் என் நித்திரைக்குப் பங்கம் நேரவில்லை. ஆனால், எனக்கென்று ஒரு சட்டை எடுத்தால் என்ன என்ற எண்ணம் உதித்தால் போதும்; அதுவரை எந்தச் செலவையும் ஏறெடுத்துப் பாராத என் மனச்சாட்சி, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்து உட்கார்ந்து, “இருக்கிற சட்டைக்கு என்னலே கேடு?” என்று விசாரணையைத் தொடங்கிவிடும். அது என் தகப்பனாருடைய குரல்.

தகப்பனார் அகஸ்தீஸ்வரம் பக்கத்தில் கருப்பட்டி வியாபாரம் செய்தவர், பாட்டா பனையேறியவர். விடியுமுன் பாட்டா இறக்கிக் கொணர்ந்த பதநீரைப் பாட்டி ஓலைப் புகையில் கண் கரிக்கக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றி எடுத்த குடும்பத்தில், உலகத்துப் பொருள் யாவற்றுக்கும் கருப்பட்டியே அளவுகோலாக இருந்ததில் வியப்பில்லை. 28 சக்கரம் ஒரு ரூபாய் என்றிருந்த திருவிதாங்கூர் நாணயம் ஒழிந்து, 1956 நவம்பர் 1-ஆம் தேதி எங்கள் தாலுகாக்கள் தாய்த் தமிழகத்தோடு சேர்ந்து, நயா பைசாவும் வந்து போன பிறகும், தகப்பனார் ஜவுளிக்கடையில் விலையைக் கேட்டுக் கண்ணை மூடிச் சற்று நேரம் மௌனமாக இருப்பார். அந்தரங்கத்தில் ரூபாய் சக்கரமாகவும், சக்கரம் கருப்பட்டியாகவும் உருமாறிக்கொண்டிருக்கும். பிறகு கண்ணைத் திறந்து, “இந்த ஒரு துணிக்கு எத்தனை கருப்பட்டி தெரியுமாலே?” என்பார். ஒரு மனிதன் தன் தகப்பன் ஏறி இறங்கிய பனைகளை எண்ணிக்கொண்டே எப்படிச் சட்டைத் துணி கிழிக்கச் சொல்வான்?

எங்கள் வீட்டில் சட்டைக்கும் நான்கு ஆசிரமங்கள் உண்டு. எடுத்த புதிதில் அது பெட்டிக்குள் பாச்சை உருண்டைகளோடு பிரமசரியம் காக்கும். சொந்தத்தில் கல்யாணம் வந்தாலும், ஊரில் கொடை வந்தாலும், அவற்றினும் பெரிய விசேஷமொன்று பின்னால் வரக்கூடும் என்ற தூரதிருஷ்டியால் அதை வெளியே எடுப்பதில்லை. பிறகு ஒருநாள் கிரகஸ்தனாகி, பள்ளிக்கூடத்துக்கும் சந்தைக்கும் உழைத்து, காலர் நைந்து, அந்தக் காலரைப் பிரித்துத் திருப்பித் தைத்து மறுபடியும் உழைக்கும். முழங்கை கிழிந்ததும் முழுக்கை அரைக்கையாகி வானப்பிரஸ்தம் புகுந்து வாழைக்கு மண் அணைக்கும். கடைசியில், அம்மையின் தகர டப்பாவுக்குப் பொத்தான்களைத் தானம் செய்துவிட்டு, அடுப்பிலிருந்து பானை இறக்கும் கரித்துணியாகிச் சந்நியாசம் பெறும். “இது பழசாகிவிட்டது, இனி வேறு எடுக்க வேண்டும்” என்று ஒருவன் சொல்லத்தக்க தருணம் இந்த ஏற்பாட்டில் எங்கே வருகிறது என்று நான் எவ்வளவோ யோசித்துப் பார்த்திருக்கிறேன். எங்குமே வருவதில்லை, ஏற்பாட்டின் சூட்சுமமே அதுதான்.

இந்த உறுத்தலை என் சுயார்ஜிதம் என்றே வெகுகாலம் எண்ணியிருந்தேன். ஆசிரியர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின் திருவிதாங்கூர்ச் சரித்திரத்தைச் சாவகாசமாகப் படிக்க நேர்ந்தபோதுதான், அது தகப்பனாருக்கும் முந்திய பிதிரார்ஜிதம் என்பது விளங்கிற்று. தென் திருவிதாங்கூரில் எங்கள் குலத்துப் பெண்கள் தோளில் சீலை இடலாகாது என்றிருந்த கட்டுப்பாட்டையும், 1829-இல் ராணி கௌரி பார்வதி பாய் பிறப்பித்த பிரகடனம் கிறிஸ்தவப் பெண்களுக்குக் குப்பாயம் என்ற மேற்சட்டையை மாத்திரம் அனுமதித்து மேல்சீலையை மறுத்ததையும், 1859 தொடங்கும் சமயத்தில் சந்தைவெளிகளில் பெண்களின் சீலைகள் கிழிக்கப்பட்டதையும் இந்தப் பக்கத்தில் அறியாதவர் இல்லை. சென்னைக் கவர்னராயிருந்த சார்லஸ் டிரெவெல்யன் நெருக்கியபின், அவ்வாண்டு ஜூலை 26-ஆம் தேதி உத்திரம் திருநாள் மகாராஜா ஒரு பிரகடனம் செய்தார். இது சிரிப்புக்குரிய விஷயமன்று என்பதை அறிவேன். ஆயினும் அந்தப் பிரகடனத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. குப்பாயம் போட்டுக்கொள்ளலாம்; முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டிக்கொள்ளலாம்; வேறு எந்த விதமாகவும் மார்பை மறைத்துக்கொள்ளலாம்; மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தலாகாது! ஒரு சமஸ்தானத்தின் சிம்மாசனம் செங்கோலைக் கீழே வைத்துவிட்டுத் தையற்காரனுடைய நாடாவைக் கையிலெடுத்து, குடிகளின் துணியை முரடு என்றும் மெல்லிசு என்றும் தரம்பிரித்துக்கொண்டிருந்த காட்சியை எண்ணிப் பாருங்கள். இத்தனைக்கும், அதே சமஸ்தானத்தில், பாலராமவர்மா மகாராஜா காலத்திலேயே, அரண்மனைக்கு நேர்த்தியான துணி நெய்வதற்கென்று எங்கள் பக்கத்துச் சாலியர் குடும்பங்கள் பாலராமபுரத்தில் குடியேற்றப்பட்டிருந்தன. நெய்யும் கை இங்கிருந்து போகலாம். நெய்த துணி இங்கே திரும்பி வரலாகாது போலும்.

“நமக்கு எதுக்குலே இவ்வளவு மெல்லிசு?” என்று தகப்பனார் ஜவுளிக்கடையில் கேட்பதுண்டு; அது அவர் சொந்த வாக்கியமன்று என்று அன்றுதான் எனக்குத் தோன்றிற்று. ராஜா போய், சக்கரம் போய், எல்லையும் மாறிய பிறகு, பிரகடனத்தின் முரட்டுத் துணி ஷரத்து மாத்திரம் ரத்துசெய்ய ஆளில்லாமல், சிக்கனம் என்ற நற்பெயரைச் சூடிக்கொண்டு எங்கள் வீட்டில் குடியிருந்திருக்கிறது.

அந்த அநீதியான காலத்திலேயே, சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர், தலையில் துணி கட்ட உரிமையில்லாதிருந்த ஆண்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு வந்து நிற்கச் சொன்னார். இன்றைக்கும் அவருடைய வழிபாட்டிடமான பதிக்கு நாங்கள் தலைப்பாகையோடுதான் போகிறோம். பள்ளியறையில் விக்கிரகம் கிடையாது, நிலைக்கண்ணாடி உண்டு. அதில் தெரிகிற தன்னையே பார்த்து வணங்க வேண்டும். சிறுவயது முதல் அந்தக் கண்ணாடியின் முன் தலைநிமிர்ந்து நின்று பழகிய எனக்கு, ஜவுளிக்கடைக் கண்ணாடியின் முன் நிற்க மட்டும் ஏன் அத்தனை கூச்சம் வந்தது என்பதற்குப் பதில் இல்லை. ஒருவேளை பதியில் மேல்சட்டை இல்லாமல் நிற்பது காரணமாயிருக்கலாம்.

சட்டையைக் குறித்து இந்த ஜில்லாவுக்கென்று ஒரு விசேஷ தர்மசங்கடம் உண்டு. சுசீந்திரமானாலும் கன்னியாகுமரியானாலும், ஆண்பிள்ளைகள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் கோயிலுக்குள் போக வேண்டும். 1936 நவம்பர் 12-ஆம் தேதி ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தபின், பாட்டா தம் ஆயுளில் முதல் தடவையாகச் சுசீந்திரம் தாணுமாலயனைத் தரிசிக்கப் புறப்பட்டார். அந்த மகத்தான தினத்துக்கென்று, பிறரிடம் இரவல் வாங்கினால் கௌரவக் குறைவு என்று கருதி, புதுச் சட்டையொன்று தைத்துக்கொண்டார். கோபுரவாசலில், “சட்டையைக் களத்தும்” என்றார்கள். மேலே துணி போடாதே என்று சொல்லக் கேட்டே வளர்ந்த தலைமுறை அல்லவா? அவர் திடுக்கிட்டுச் சுற்றிலும் பார்த்தார். பிள்ளைமாரும் போற்றிமாரும் உட்பட எல்லாரும் வெற்றுடம்போடு நிற்பதைக் கண்டபின்தான் சமாதானமடைந்து, புதுச் சட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சாமி கும்பிட்டாராம். எங்கள் வீட்டில் சட்டைக்கு விரோதமான பிரசாரம் அன்றைக்கு வலுப்பெற்றது. “சாமியே பாக்காத சட்டையை வேற எவன் பாக்கணும்?” என்ற அவருடைய கேள்வியைக் கண்டிக்க இன்றுவரை எங்களில் ஒருவருக்கும் தர்க்கம் கிடைக்கவில்லை. இந்த வகையில் கிறிஸ்தவச் சகோதரர்கள் பாக்கியசாலிகள். கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுக்குப் போகிறவர், தம் சட்டையைக் கர்த்தருக்கு நேரிலேயே காட்டிவிடலாம்.

தகப்பனாரும் பாட்டாவும் போதாதென்று, என் தரப்புக்கு வலுவூட்டக் காந்தியடிகளையும் நான் சாட்சிக்கூண்டில் ஏற்றுவதுண்டு. 1921 செப்டம்பரில் மதுரையில் அவர் சட்டையையும் தொப்பியையும் துறந்து அரைமுழத் துண்டுக்கு வந்தபின், தமிழ்நாட்டில் ஒருவன் சட்டை வாங்குவது நியாயமா என்பது என் வாதம். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ததில் வழக்கு கவிழ்ந்தது. வக்கீல் படிப்புக்காக லண்டனுக்குப் போன புதிதில் அவர் 19 ஷில்லிங்குக்கு உயரமான தொப்பி ஒன்று வாங்கினார். பாண்டு தெருவில் 10 பவுன் கொடுத்து மாலை நேரத்து உடுப்புத் தைத்துக்கொண்டார். தமையனாருக்கு எழுதித் தங்கச் சங்கிலி தருவித்தார். நாள்தோறும் பெரிய கண்ணாடிமுன் பத்து நிமிஷம் நின்று கழுத்துப்பட்டையும் தலைவகிடும் சரிசெய்தார். இவ்வளவையும் ஒளிக்காமல் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். ஆக, துறப்பதற்கு முன்னால் பாண்டு தெரு என்றொரு படி இருக்கிறது. நானோ நாகர்கோவில் செம்மாங்குடி ரோட்டுக்கே இன்னும் வந்து சேராதவன்; அதற்குள் துறவைப் பற்றிப் பேசுவது, உண்ணாமலேயே ஏப்பம் விடுகிற காரியம்.

ஆகவே ஒரு சட்டை எடுப்பதென்று தீர்மானித்தேன். தீபாவளி, ஓணம் என்ற சாக்குகளும், ஆடித் தள்ளுபடி என்ற பாப விமோசனமும் கிட்டாத பங்குனி மாதத்துச் சாதாரண நாளொன்றில், வேறு எந்தக் காரியமும் வைத்துக்கொள்ளாமல், பஸ் ஏறி நாகர்கோவிலில் இறங்கிச் செம்மாங்குடி ரோட்டுக் கடையொன்றில் நுழைந்தேன்.

“வாங்க அண்ணாச்சி, கல்யாணத்துக்கா?” என்றான் கடைப் பையன்.

“இல்லப்போ.”

“மருமவனுக்கா?”

“இல்ல, எனக்குத்தான்.”

“ஓ, பொறந்தநாளு!” என்று முகம் மலர்ந்தான்.

அதுவும் இல்லையென்றதும் அவன் உண்மையிலேயே கவலைப்பட்டான். விசேஷம் என்னவென்று தெரியாவிட்டால் எந்த அலமாரியைத் திறப்பது என்பது அவனுக்கு விளங்கவில்லை. வயது எழுபதுக்கு மேலான ஒரு மனிதன், யாருடைய கல்யாணமும் இல்லாமல், யாருடைய உபசாரமும் இல்லாமல், தன் பென்ஷன் பணத்தில் தனக்கே சட்டை எடுக்க வந்திருக்கும் விபரீதத்தை அவன் மேற்பார்வையாளரிடம் போய்க் காதோடு காதாகச் சொன்னதையும், அவர் எட்டிப் பார்த்ததையும் நான் கவனித்தேன். பிறகு அவன் வழக்கமான வெள்ளைச் சட்டைகளைப் பரப்பினான். நான் இளநீல வர்ணத்தில் மெல்லிய பருத்திச் சட்டையொன்றைக் காட்டினேன். விலை 1,850 ரூபாய். கண்கள் தாமாக மூடிக்கொண்டன. உள்ளே கருப்பட்டிகள் வரிசையாக அணிவகுக்கத் தொடங்கின. நல்லவேளையாக, இந்தக் காலத்துக் கருப்பட்டியின் விலையும் ஏறிக் கிடப்பது ஞாபகம் வந்தது. அந்தக் கணக்குப்படி பார்த்தால் பாட்டா காலத்தைவிடச் சட்டை ஒன்றும் அப்படி மோசமான விலையில் இல்லை. சரித்திரத்தால் தீராத சந்தேகம் சந்தை நிலவரத்தால் தீர்ந்தது. பணத்தைக் கட்டி, சட்டையை அங்கேயே போட்டுக்கொண்டு, பழையதைப் பையில் வைத்துத் தரச் சொன்னேன்.

இனி எஞ்சியிருந்தது வீடு. எங்கள் குடும்பத்தில் தனக்கென்று துணி எடுத்தவர் அதன் விலையில் பாதியைத்தான் வெளியிடுவது என்பது எழுதப்படாத சட்டம். நான் ஒரு காலத்தில் அத்திபூத்தாற்போல் எடுத்த வேட்டிகளுக்கு அப்படித்தான் விலை சொன்னேன். மனைவி தன் சீட்டுப் பணத்தில் எடுக்கும் சேலைகள் பாதி விலையிலும், இன்னும் துணிச்சலான நாட்களில் “அக்கா குடுத்தது” என்ற இலவச இனத்திலும் வீட்டுக்குள் பிரவேசிக்கும். கேட்கிறவரும் அதை நம்பியதாகப் பாவித்து, மனத்துக்குள் இரண்டால் பெருக்கிக்கொள்வார். இப்படியே எங்கள் தாம்பத்தியம் குறையின்றி நடந்து வந்திருக்கிறது.

பிரகடனங்களையெல்லாம் படித்துத் தெளிந்த நான், இம்முறை அந்தச் சட்டத்தையும் மீறுவதென்று உறுதிபூண்டிருந்தேன். வாசலில் கால் வைத்ததுமே அவள் என்னை மேலும் கீழுமாகப் பார்த்து, துணியின் ஓரத்தை இரண்டு விரலால் தடவி, “மெல்லிசா நல்லாத்தான் இருக்கு. எவ்வளவு?” என்றாள்.

“ஆயிரத்து எண்ணூற்றம்பது” என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

அவள் சற்றே கண்ணை மூடினாள். எங்கள் குடும்பத்துக்கு மருமகளாக வந்து கற்றுக்கொண்ட வித்தை அது.

“மூவாயிரத்து எழுநூறு!” என்றாள், கண்ணைத் திறந்து.

பில்லைக் காட்டினேன். கடைக்காரனிடம் சொன்னால் எந்த விலைக்கும் பில் போட்டுக் கொடுப்பான் என்றாள். உள்ளதை உள்ளபடியே சொல்கிறேன் என்று பதியின் பேரில் ஆணையிடப் போனவனைக் கையமர்த்தி, “போட்டும், எடுத்தாச்சி. அப்பம் நானும் வாற ஞாயித்துக்கிழமை மூவாயிரத்து எழுநூறுக்கு ஒரு சேலை எடுக்கேன்” என்றாள்.

எடுத்தும் வந்தாள். விலை மூவாயிரத்து எழுநூறுதான் என்று சொல்லுகிறாள். நான் இன்னும் பெருக்கிப் பார்க்கவில்லை.