சாரியைக் கொஞ்சம் சேத்து வையி மாப்ளே

ஏ மாப்ளே, பெங்களூருலருந்து சாரிய மூட்டை கட்டிக் கொண்டாந்தியாக்கும்? வந்து எறங்குனதுலருந்து எறைச்சுக்கிட்டே இருக்க.

நேத்து பஸ்ல ஒரு ஆத்தா நகந்து எடம் குடுத்துச்சு. "சாரி பாட்டி"ன்னுட்ட. என்னமோ ஏதோன்னு அது சன்னலோட ஒட்டிக்கிருச்சு. "ஒங்க புண்ணியத்துல உக்காந்தேன் ஆத்தா"ன்னு சொல்லியிருந்தா, மடியில வச்சிருந்த கொய்யாவுல ஒண்ணு ஒன் கைக்கு வந்திருக்கும்.

மத்தியானம் ஒங்கத்தை ரசம் ஊத்துனா. "சாரித்தை, ஒங்களுக்கு வீண் செரமம்"ங்குற. செரமம்னு அவ சொன்னாளா? உப்பு கூடிப்போச்சோன்னு அடுப்படியில போயி கரண்டியில எடுத்து நக்கிப் பாக்குறா, பாவம். உள்ளங்கையக் குழிச்சு வாங்கி, சர்ருன்னு உறிஞ்சுட்டு, "இன்னும் கொஞ்சம் ஊத்துங்கத்தை"ன்னு நீட்டியிருந்தா முடிஞ்சது. நன்றின்னு வாயத் தொறக்கவே வேணாம். ராத்திரிக்குக் கோழி அடிச்சிருப்பா. எனக்கும் ரெண்டு துண்டு தேறியிருக்கும். என் வயித்தெரிச்சலே அதான்.

அப்பறம் ஒன் சேக்காளி. வெத்தலக் கடை வாசல்ல மணிக்கணக்கா நின்னவன்கிட்ட, "சாரிடா, சாரிடா"ன்னு நீ மூஞ்சியத் தொங்கப்போட்ட. அவன் "பரவால்லடா, விடுறா"ன்னு ஒன் முதுகத் தட்டுறான். காத்துக் கெடந்தவனும் அவனே, ஆறுதல் சொல்றவனும் அவனேவா? "எனக்காக இம்புட்டு நேரம் நின்னியேடா"ன்னு சொல்லிப் பாரு. நின்ன காலு வலிக்காது அவனுக்கு.

கொடைரோடு டேசன்ல ரயிலு தாமதம்னா ஒரு பொம்பளக் குரலு வருந்துறோம் வருந்துறோம்னு சொல்லுமே, அதுக்குக் கண்ணு கலங்கி எவனாச்சும் பாத்திருக்கானா? வத்தலக்குண்டுக்குத்தான் தண்டவாளமே கெடையாதே, இங்க எதுக்குடா அந்த அறிவிப்பு?

வள்ளுவரு வெவரமான ஆளு. செய்ந்நன்றிக்கு 11-ஆவது அதிகாரம் போட்டாரு. பொறுத்துப் போறவனுக்கு 16-ஆவது. மன்னிப்புக் கேக்குறவனுக்குன்னு தனியா ஒண்ணும் போடல. ஒன்னய மாதிரி ஆளு அவரு கண்ணுல படலபோல.

சுப்பிரமணிய சிவா 1884-ல இந்த ஊர்லதான் பொறந்தாரு. பேசுன பேச்சுக்கு 1908-ல உள்ள தள்ளுனான் வெள்ளைக்காரன். 1912-ல வெளிய வந்தும் அந்த வாயி ஓஞ்சுச்சா? அந்தூர்ல நின்னுக்கிட்டு நீ டீக்கடைக்காரன்கிட்ட, "சாரிண்ணே, சக்கர கம்மியா"ங்குற.

அதுக்காக ஒரேயடியா விட்டுறாத. அடுத்தவன் காலு பட்டுப்போச்சுன்னா தொட்டுக் கும்பிட்டுக்க. நெசமாவே ஒருத்தன் மனச நோகடிச்சிட்டா, நேரா போயி நின்னு தப்புதான்னு ஒத்துக்க. அங்கபோயி, "என்னயப் பொறுத்துக்கிட்டதுக்கு நன்றி"ன்னு நைசா நழுவுனா செவுளு பிஞ்சுரும்.

ஆங், போன தைக்கு எங்கிட்ட அஞ்சாயிரம் வாங்குனியே. நல்லபுள்ளையாட்டம், "இத்தன நாளு பொறுமையா இருந்ததுக்கு ரொம்ப நன்றி மாமா"ன்னு இப்பவே ஆரம்பிச்சுறாத. நோட்டா எடு.